தனுஷ்கோடி ஸ்டேஷனை ஏன் யாரும் திரும்பக் கட்டவில்லை?

ராமேஸ்வரம் போன கையோடு தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டு வந்த ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. இடிந்து நின்ற சுவரைக் காட்டி இதுதான் பழைய ரயில்வே ஸ்டேஷன் என்றார்களாம். சுற்றிலும் மணல், கொஞ்சம் குடிசைகள், சங்கும் பாசிமணியும் விற்கும் கடைகள். இப்படி ஓர் ஊருக்கு எதற்கு ரயில்? சரி, இருந்தது, 1964 புயலில் போனது. ஆனால் பாம்பன் பாலத்தையே 46 நாளில் தூக்கி நிறுத்தியவர்கள், அதற்கு அந்தப் பக்கம் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தண்டவாளத்தை ஏன் திரும்பப் போடவில்லை?

முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. புயல் அழித்தது என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். புயலில் போன பாதைகள் எத்தனையோ திரும்ப வந்திருக்கின்றன. தனுஷ்கோடி வராததற்குக் கடல் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் புயலுக்கு இருபத்தைந்து வருடம் முன்பிருந்தே ஆரம்பிக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். இன்றைக்கு நமக்கு ராமேஸ்வரம்தான் கடைசி ஸ்டேஷன், அதற்கப்பால் கடல். அன்றைக்கு அப்படி இல்லை. தீவுக்குள் நுழைந்ததும் வருகிற பாம்பன் ஒரு ஜங்ஷன். அங்கிருந்து ஒரு பாதை ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று தனுஷ்கோடிக்கு. மெயின் லைன் எது என்று கேட்டால் தனுஷ்கோடிதான். சென்னையிலிருந்து வரும் மெயில் வண்டிக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் அது. காசிக்கு நிகராக நாம் நினைக்கும் ராமேஸ்வரம், ரயில்வே கணக்கில் ஒரு கிளைப் பாதையின் முனை. அப்துல் கலாம் தன் சிறுவயதைப் பற்றிச் சொல்லும்போது இது தெரியும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் வண்டி நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் ஓடும் ரயிலிலிருந்து வீசுவார்கள், அதைப் பொறுக்கிக் கொடுத்ததுதான் அவருடைய முதல் சம்பாத்தியம். கோயில் ஊரில் நிற்காமல் வண்டி எங்கே ஓடிக்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அது இலங்கைக்கு ஓடிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடி ஸ்டேஷன் தனுஷ்கோடி ஊருக்காகக் கட்டப்பட்டதே இல்லை. கொழும்புக்காகக் கட்டப்பட்டது.

பழைய ஏற்பாட்டில் சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்புக்குப் போக வேண்டும். கடல் பயணமே ஒரு ராத்திரி. மன்னார் வளைகுடாவைக் குறுக்கே தாண்டுகிற பயணம், காற்றுக் காலத்தில் வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்தவர் குறைவு. நிலப்படத்தைப் பார்த்தால் எவருக்கும் தோன்றும் யோசனைதான் அப்போதைய தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கும் தோன்றியது: இந்தியாவின் மூக்கு எங்கே இலங்கைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கேயே போய்விட்டால் என்ன? 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை பாதை வந்துவிட்டது. நடுவில் பாம்பன் கால்வாய், அதற்குப் பிறகு தீவு, தீவின் வாலில் தனுஷ்கோடி, எதிரே தலைமன்னார். ஆதாம் பாலம் என்று சொல்லும் அந்த மணல் திட்டுகளின் மேலேயே பாதை போட்டு ரயிலை நேராக இலங்கைக்குள் விட்டுவிடலாம் என்ற திட்டமும் பேசப்பட்டது. அது நடக்கவில்லை. நடந்திருந்தாலும் வண்டி நேராகப் போயிருக்க முடியாது, இந்தப் பக்கம் குறுகலான மீட்டர் கேஜ் தண்டவாளம், அந்தப் பக்கம் அகலமான ப்ராட் கேஜ். எப்படியும் ஒரு இடத்தில் இறங்கி ஏறத்தான் வேண்டும். அந்த இறங்கி ஏறும் இடத்தைக் கப்பல் துறையாக வைத்துக்கொண்டார்கள்.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம், நடுவில் கப்பல் போக இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் தூக்கு. அந்தப் பாலத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது, நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், ராமேஸ்வரம் யாத்திரிகர்களை மட்டும் நம்பி எந்தக் கம்பெனியும் அந்தக் காலத்தில் கடலுக்குள் அவ்வளவு பெரிய பாலம் கட்டியிருக்காது. கொழும்புப் போக்குவரத்து இருந்ததால்தான் பாலமே வந்தது.

அப்புறம் போட் மெயில். எழும்பூரில் ஏறினால் கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட். வண்டி தனுஷ்கோடியில் கப்பல் துறை வரைக்கும் போகும். சுங்கக்காரர்களைத் தாண்டி நடந்து போய்க் கப்பல் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார், அங்கே துறையிலேயே இலங்கை ரயில் காத்துக்கொண்டிருக்கும், அதில் ஏறிப் படுத்தால் விடிகாலையில் கொழும்புக் கோட்டை. பெரியவர்கள் பலர் நினைவில் வைத்திருக்கும் இர்வின், கோஷன் என்ற இரண்டு கப்பல்களும் பிற்காலத்தில் வந்தவை, 1914இல் ஓடியவை வேறு. பெயர்களைப் பார்த்தாலே தெரியும், ஒருவர் வைஸ்ராய், ஒருவர் சென்னை கவர்னர்.

யார் போனார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியம். தனுஷ்கோடி பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகுப்புப் பெட்டியில் போன துரைமார்களையும் வியாபாரிகளையும் பற்றித்தான் பேசுகிறார்கள். அவர்களும் போனார்கள். கருவாடும் போனது. ஆனால் அந்த ரயில் பாதையின் பெரிய கூட்டம், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் என்று எங்கெங்கிருந்தோ தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிக்கொண்டு வருவார், குடும்பம் குடும்பமாக. ரயில் வருவதற்கு முந்தைய தலைமுறை தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கிக் காட்டு வழியே மலை வரைக்கும் நடந்து போனது, வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் கொஞ்சமா நஞ்சமா. அந்த நடை முன்பே நின்றுபோயிருந்தது, தனுஷ்கோடிப் பாதை கடல் பயணத்தையும் குறைத்தது. அந்த அளவில் இந்த ரயில் நிஜமாகவே உதவியது, அதை மறுக்கக் கூடாது.

ஆனால் அவர்கள் நேராகக் கப்பல் ஏறிவிட முடியாது. மண்டபத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் இருந்தது, மண்டபம் கேம்ப் என்று இன்றைக்கும் ஸ்டேஷனுக்குப் பெயரே அதுதான். நோய் இல்லை என்று தெரியும் வரைக்கும் அங்கே அடைத்து வைத்து, அம்மை குத்தி, துணியெல்லாம் மருந்துப் புகை காட்டி, அப்புறம்தான் ரயிலேற்றித் தனுஷ்கோடிக்கு அனுப்புவார்கள். இந்திய மண்ணில் வேறொரு நாட்டு அரசாங்கம் நம் ஆட்களைப் பரிசோதித்த இடம். அதனால் தனுஷ்கோடி அவர்களுக்கு ஊரே இல்லை, ரயிலுக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு நடை. சொந்த நாட்டில் அவர்கள் கால் பட்ட கடைசி இடம். பலருக்குத் திரும்பி வரும் வழி அமையவே இல்லை.

சரி, ஊர். ரயிலும் கப்பலும் வந்து சேர்ந்ததால் உருவான ஊர் அது. அதற்கு முன்னால் மீனவர் குடியிருப்பும், தீர்த்தமாட வருகிறவர்களும் இருந்தார்கள், அவ்வளவுதான். பாதை வந்த பிறகு சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தபால் தந்தி, ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், மாதா கோயில், சத்திரங்கள், ரயில்வே குடியிருப்பு என்று வளர்ந்தது. கட்டடங்கள் பெரும்பாலும் பவளக் கல். தீவைச் சுற்றிக் கடலில் வெட்டி எடுத்தது. இன்று மிச்சமிருக்கும் மாதா கோயில் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள், கல்லில் பவளத்தின் கோலம் அப்படியே தெரியும். அன்றைக்கு அது சாதாரணக் கட்டடக் கல், இன்றைக்கு வெட்டினால் குற்றம்.

நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். நாலா பக்கமும் உப்புக் கடல் சூழ்ந்த மணல் நாக்கில் நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தோன்றும். அதுதான் அந்த இடத்தின் அதிசயம். கையால் இரண்டு மூன்று அடி மணலைத் தோண்டினால் ஊற்று வரும், குடித்தால் இனிக்கும். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும், மேலோட்டமாக எடுக்க வேண்டும். அங்கே உள்ள மீனவக் குடும்பங்கள் இன்றைக்கும் அந்த ஊற்றில்தான் அகப்பையால் அள்ளுகிறார்கள். இடிபாடுகளுக்கு நடுவே உயரமாகத் தெரியும் கட்டடத்தை ரயில்வே தண்ணீர்த் தொட்டி என்று சொல்வார்கள்.

ஆனால் நிலம் நம்பக்கூடியதாக இல்லை. ஊரின் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், அமைதியானது. தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல், எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும். நடுவே மணல். 1948, 49 வாக்கில் தெற்குப் பக்கம் ஒரு பெரிய துண்டு நிலம் கீழே இறங்கிக் கடலுக்குள் போய்விட்டது, கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் தாழ்ந்தது என்று புவியியல் ஆய்வுத் துறையின் ஆய்வு சொல்கிறது. வீடுகளும் வழிபாட்டு இடங்களும் சாலையும் அதோடு போயின. அதாவது புயலுக்குப் பதினைந்து வருடம் முன்பே ஊரில் ஒரு பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. இதை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு பக்கம் பார்த்தால், ஸ்டேஷனுக்கு வேலையும் குறைந்துகொண்டே வந்தது. 1939இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. அங்கே இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கியதற்கான பதில் அது. அதோடு அந்த ரயிலின் பெரிய கூட்டம் நின்றது. போய்வந்து கொண்டிருந்தவர்கள் தொடர்ந்தார்கள், புதிதாகப் போகிறவர்கள் இல்லை. 1947 டிசம்பரில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு விமானம் வந்துவிட்டது, காசுள்ளவர்கள் மெல்ல அதற்கு மாறினார்கள். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் ஏறக்குறைய எல்லோரையும் நாடற்றவர்களாக ஆக்கியது. அதற்கு முன்னால் ஒரே ஆட்சியின் கீழ் இரண்டு கரைகள், டிக்கெட் இருந்தால் போகலாம். அதற்குப் பிறகு இரண்டு நாடுகள், பாஸ்போர்ட், விசா. தனுஷ்கோடி ஸ்டேஷனின் உயிர் எல்லையைச் சுலபமாகத் தாண்டுவதில் இருந்தது. எல்லை இறுகினால் அந்த ஸ்டேஷன் சும்மாதான் நிற்கும்.

கடைசியாக, 1964 அக்டோபர் 30. இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களாக நின்ற மலையகத் தமிழர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று தாளில் பிரித்துக்கொண்டார்கள். இந்தத் தேதிக்கும் புயலுக்கும் நடுவில் இரண்டு மாதம் கூட இல்லை. ஜனங்களை அந்தப் பக்கம் அனுப்பிய ஸ்டேஷன், அவர்கள் திரும்பி வரப்போகிறார்கள் என்று முடிவான இரண்டாவது மாதத்தில் இல்லாமல் போனது. எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்ச நேரம் மேலே படிக்க ஓடாது.

1964 டிசம்பர் 22 இரவு. அந்தமானுக்குத் தெற்கே உருவாகி இலங்கையின் வடபகுதியைக் குறுக்கே தாண்டி வந்த புயல். காற்று மணிக்கு சுமார் 280 கிலோமீட்டர் என்று மதிப்பிட்டார்கள், அலை ஏழு மீட்டர் உயரம். நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்பு, 653ஆம் எண் பாம்பன் தனுஷ்கோடி பாசஞ்சர் பாம்பனை விட்டுக் கிளம்பியது. ஆறு பெட்டிகள், 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். தனுஷ்கோடிக்குச் சில நூறு கெஜம் இருக்கும்போது அலை வந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. 115 என்பது டிக்கெட் கணக்கு, டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 180, 200 வரை இருக்கும் என்றும் சொல்லப்படுகிறது. தந்திக் கம்பி, தொலைபேசி எல்லாம் அறுந்துபோனதால் ஒரு ரயிலே காணாமல் போனது வெளியே தெரிய ஏறக்குறைய 48 மணி நேரம் ஆனது. மண்டபத்தில் இருந்த கடல்துறைக் கண்காணிப்பாளர் கொடுத்த தகவலை வைத்துத்தான் ரயில்வே தலைமையகம் அறிவித்தது. புயலில் மொத்தம் செத்தவர்கள், இலங்கையையும் சேர்த்து, 1,800 பேர் அளவில்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்டேஷனுக்கு முன்னால் சிக்னல் விழவில்லை, டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், நீளமாக விசில் கொடுத்துவிட்டுத் துணிந்து வண்டியை எடுத்தார் என்று ஒரு காட்சி எல்லா இடத்திலும் எழுதப்படுகிறது. அந்த வண்டியில் இருந்த யாரும் உயிரோடு வரவில்லை. பிறகு அந்த டிரைவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார், எதை நினைத்து எடுத்தார் என்று யார் வந்து சொன்னது? ஒருவேளை அப்படி நடந்திருக்கலாம். ஆனால் கடைசி முடிவின் பாரத்தை, பதில் சொல்ல முடியாத ஒரு மனிதர் தலையில் வைக்கிறோம் என்பதை யோசித்துவிட்டு அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். வங்கக் கடலில் புயல் சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்த ஒரு ராத்திரியில், மணல் நாக்கின் முனைக்குப் பாசஞ்சர் வண்டியை அனுப்பலாமா என்ற கேள்வி அந்த டிரைவருக்கு முன்னால் வேறு பலரிடம் கேட்கப்பட வேண்டியது. இன்றைப் போலச் செயற்கைக்கோள் படம் உடனுக்குடன் கையில் இல்லாத காலம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தனி ஆள் மேல் போடக்கூடாது என்கிறேன்.

இப்போது தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126இன் கர்டர்களை, அதாவது இரும்பு உத்திரங்களை, கடல் எடுத்துக்கொண்டது. நடுத் தூக்கு மட்டும் அசையாமல் நின்றது. சரிசெய்ய ஆறு மாதம் என்று முதலில் போட்டார்கள், அப்புறம் அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள், பொறுப்பைக் கையில் எடுத்த இளம் என்ஜினீயர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன். புதுக் கர்டர் செய்து வரக் காத்திருக்காமல், கடலுக்கடியில் கிடந்த பழைய கர்டர்களை மீனவர்கள் உதவியோடு தேடி எடுத்துத் தூக்கி வைத்தார்கள். மீனவர்கள் என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போகிறோம். கடலின் அடியில் எது எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான், அவர்கள் இல்லாமல் 46 நாள் இல்லை.

ஏன் அவ்வளவு அவசரம்? தீவுக்கு வேறு வழியே இல்லை. சாலைப் பாலம் வந்தது 1988இல்தான். ரயில் இல்லாவிட்டால் ராமேஸ்வரம் மக்களுக்கு அரிசி, மருந்து, யாத்திரிகர் வருமானம் எதுவும் வராது. அதனால் பாம்பன் வரைக்கும், ராமேஸ்வரம் வரைக்கும் பாதை வந்தே ஆக வேண்டும். தனுஷ்கோடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அரசாங்கம் அந்த ஊரை மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்துவிட்டது. ஊழியர் குடியிருப்பு இல்லை, துறை இல்லை, சுங்கம் இல்லை. மணலையும் கடல் இடம் மாற்றிப் போட்டிருந்தது, பாதை கிடந்த மண்மேடு பல இடத்தில் காணாமல் போயிருந்தது. திரும்பக் கட்டுவது என்றால் தண்டவாளம் மட்டும் போட்டால் போதாது, ஊரையும் துறைமுகத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். யாருக்காக? 1914இல் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. 1964இல் இல்லை. கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றிக்கொண்டால் முடிந்தது, அங்கே ஸ்டேஷன் ஏற்கெனவே இருக்கிறது. அதைத்தான் செய்தார்கள். கிளைப் பாதை மெயின் லைனாகிவிட்டது. இதே புயல் 1920இல் அடித்திருந்தால் கம்பெனி எவ்வளவு செலவானாலும் தனுஷ்கோடிக்குத் திரும்பப் பாதை போட்டிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் ராமானுஜம் என்ற கப்பல் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் ஓடியது. ஒப்பந்தப்படி மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் அதில்தான் வந்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மறுபடி அதே மண்டபம் கேம்ப். தாத்தா பாட்டி போகும்போது அடைத்து வைக்கப்பட்ட முகாமுக்கே பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். எங்கள் தெருக்கோடியில் அப்படித் திரும்பி வந்த ஒரு பாட்டி இருந்தார். சின்ன வயதில் ஒரு தடவை அப்பாவோடு ஊர் பார்க்க வந்துபோனபோது தனுஷ்கோடியில் இறங்கியதாகவும், கடைசியாக மூட்டை முடிச்சோடு வந்தபோது அந்த ஸ்டேஷன் எங்கே என்று கப்பலிலிருந்து தேடிப் பார்த்ததாகவும் சொல்வார். எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததே அவரால்தான்.

அந்தக் கப்பலும் 1980களின் முதல் பாதியில், இலங்கையில் கலவரமும் போரும் சூழ்ந்தபோது நின்றது. எதிர்க்கரையில் தலைமன்னார் ரயிலும் 1990இல் போரில் போனது. ஆனால் கவனியுங்கள், அந்தப் பக்கத்துப் பாதையை 2015 மார்ச்சில் திரும்பத் திறந்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து தலைமன்னார் துறைக்கு இன்று ரயில் வருகிறது. ஒரு ஜோடியாகக் கட்டப்பட்ட இரண்டு ஸ்டேஷன்களில் ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை. நம் பக்கம் எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் வண்டியை இன்றும் போட் மெயில் என்றுதான் கூப்பிடுகிறோம். மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகிற அதே வண்டிதான், போய்ச் சேரும் இடத்தில் போட் மட்டும் இல்லை.

திரும்பக் கட்டும் முயற்சியே இல்லையா என்றால், இருந்தது. 2019 மார்ச் 1 அன்று பிரதமர் கன்னியாகுமரியில் வைத்து ராமேஸ்வரம் தனுஷ்கோடி ப்ராட் கேஜ் பாதைக்கு அடிக்கல் நாட்டினார். 17 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 208 கோடி ரூபாய். பாதை இன்னும் வரவில்லை. பாம்பனில் புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டுவிட்டது, அது ராமேஸ்வரத்தோடு நிற்கிறது. எனக்கு ரயில் பாதை என்றால் அவ்வளவு ஆசை, இருந்தும் இந்தப் பாதை வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆமை முட்டையிடும் கரை அது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் சேற்றுக் கடல் அது, அதைச் சரணாலயமாகவே தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. மணல் நாக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2017இல் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு ஆட்கள் போக ஒரு வழி இருக்கிறது. அந்தப் பக்கம் கப்பல் இல்லாமல் இந்தப் பக்கம் ஸ்டேஷன் மட்டும் கட்டினால் அது செல்ஃபி எடுக்கும் இடமாக இருக்கும், 1914இல் வைத்த ஸ்டேஷனாக இருக்காது. நாளைக்கே தலைமன்னாருக்குக் கப்பல் விடுகிறோம் என்று இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசினால் என் பேச்சை மாற்றிக்கொள்வேன்.

தம்பி அடுத்த தடவை போகும்போது ஒரு மூன்று விஷயம் செய்யட்டும். அதைப் பேய் நகரம் என்று எழுதி வைப்பவர்களை நம்ப வேண்டாம், அங்கே கரைவலை இழுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒருவர் ஊரைப் பேய் ஊர் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? இடிந்த சுவரிலிருந்து கல்லைப் பெயர்த்து நினைவுப் பொருளாக எடுத்து வர வேண்டாம், மிச்சம் இருப்பதே கொஞ்சம். சுவரைப் படம் எடுத்து முடித்ததும் ராமேஸ்வரத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நிற்கட்டும். வண்டியிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் அந்தத் திசையைப் பார்த்துத்தான் நடந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் தலைமன்னார் ஸ்டேஷனில் இப்போதும் வண்டி வந்து நின்று போகிறது.